நானூற்றுப் பதினேழு

உட்துறைமுக வீதியில், மருந்துக்கடைக்கு மேல்
எங்கள் கந்தோர். ஏழு கதிரை, ஆறு பேர்.
திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு
இருக்கை பதிகிற செயலி.
காசு ஒஸ்லோவிலிருந்து வருகிறது.

முதலில் சுவரில்தான் ஒட்டினோம், மஞ்சள் தாள்களாக:
செய்ய இருப்பது, செய்துகொண்டிருப்பது,
பார்க்கக் கொடுத்தது, முடிந்தது.
ஆடியில் கச்சான் அடித்தது.
முடிந்தவை பறந்து
செய்ய இருப்பவற்றின் மேல் விழுந்தன.
வாசிகன் ஒரு வேலையை இரண்டாந்தரம் செய்தான்,
முதல் தரத்தைவிட நன்றாகவே.

ஒரு தாள் படியிறங்கி வீதிக்குப் போனது.
சோற்றுப் பார்சல் தின்று பழகிய மானொன்று
அங்கே நின்றது.
ஒரு வேலை மெல்லப்படுவதை
ஜன்னலில் நின்று ஆறு பேரும் பார்த்தோம்.
என்ன வேலை என்று யாருக்கும் நினைவில்லை.
ஒஸ்லோவும் இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு திரைக்கு மாறினோம்.
பறக்காது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம், பெயர், தேதி.
பழுதைக் கண்டு எழுதுவது என் பாடு:
"பொத்தானை இருமுறை அமத்தினால் இரண்டு படகு."
"தமிழில் பெயர் எழுதினால்
ரசீதில் பெட்டி பெட்டியாக வருகிறது."
எல்லாவற்றுக்கும் அவசரம் அதிகம் என்றே போடுகிறேனாம்,
சமில்க முறைப்பட்டான்.
உன் பெயர் பெட்டியாக வந்தால் தெரியும் என்றேன்.
"வருகுதுதானே," என்றான், சிரிக்காமல்.
அவன் சிங்களத்தில் திறந்து வைத்திருந்த டிக்கெட்டையும்
என்னுடையதையும் ஒன்றாக்கினோம்.

நானூற்றுப் பதினேழு மட்டும் அசையவில்லை.
"கரைசேரும் நேரம் அரை மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது.
எப்போதாவதுதான்."
திறந்தவர்: பஸ்மிலா. பொறுப்பு: பஸ்மிலா.
அவள் கட்டாருக்குப் போய்ப் பதினான்கு மாதம்.
படமிருந்த வட்டம் சாம்பலாகிவிட்டது.
திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த வரி வந்தால்
யாராவது இருமுவோம்.
அடுத்தது.

நேற்றுத்தான் கீழே இறங்கி வாசித்தேன்.
"இன்று பார்த்தேன், வரவில்லை."
"இன்றும் இல்லை."
"கிண்ணியாப் பாலத்தில், பஸ்ஸுக்குள், வந்தது.
இறங்க முதல் போய்விட்டது."
அதுதான் கடைசி.

பின்னேரம் பஸ் ஏறினேன்.
பாலத்தின் நடுவில் சிக்னல் ஒரு கோடாகத் தேய
ஐந்து பத்து, ஐந்து நாற்பதாயிற்று.
எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.
பக்கத்தில் மீன்கூடையோடு இருந்தவர்
நல்ல செய்தியா தங்கச்சி என்றார்.
ஓம் என்றேன்.

இணைப்பு அறும்போது செயலி தானே கணக்குப் போடுகிறது;
முழு மணிகளில்தான் போடத் தெரியும் அதற்கு.
எங்கள் ஐந்தரையை ஆறாக்கியிருக்கிறது.
ஒரே வரி. வாசிகன்
தேத்தண்ணி ஆற முதல் திருத்தினான்.

மூடும்போது கேட்டது: முடித்தவர் யார்?
ஒரு பெயர்தான் எழுதலாம்.
எழுதினேன்.
செயலிழந்த கணக்கு, அறிவித்தல் போகாது
என்று சிவப்பில் வந்தது.

அதற்கும் ஒரு டிக்கெட் திறந்திருக்கிறேன்.
அவசரம்: அதிகம்.