பக்கத்துக் கிளை

உறைபெட்டியைத் திறந்தால்
மைனஸ் எண்பதின் மூச்சு முகத்தில் அறைகிறது.
வெள்ளிக்கிழமையோடு எனக்கு ஓய்வு.
அதற்குள் இரண்டாயிரத்துச் சொச்சம் குப்பிகளை
எண்ணிக் கையெழுத்திட்டு ரமீரோ நாவெல்கினிடம்
ஒப்படைக்க வேண்டும்.

புவேர்த்தோ மோன்ட்டில் முப்பத்தொரு வருடம்
ஊரார் வயிற்றுவலியில் நடந்த பிழைப்பு.
வேறு மாதிரியும் சொல்லலாம்.
அமைச்சர் வந்தபோது வேறு மாதிரிதான் சொன்னேன்.

குப்பிக்கொரு எண். எண்ணுக்குள் ஒரு மத்தியானம்:
ஞானஸ்நான விருந்து,
கால்பந்தில் ஜெயித்த இரவு,
படகிலிருந்து நேரே வாய்க்குப் போன மட்டி.
எலுமிச்சை பிழிந்துதானே சாப்பிட்டேன், டாக்டர்?
எலுமிச்சை கொல்லாது.
வானொலியில் சொன்னேன், பள்ளிகளில் சொன்னேன்,
சொந்தத் தம்பியிடம் சொன்னேன்.
அவன் பிழிந்துகொண்டே தலையாட்டினான்.

கடல் சூடேறிய அந்த ஜனவரியில்
பத்து நிமிடத்துக்கொரு முறை இரண்டாகும் கிருமி.
நுண்ணோக்கியில் காற்புள்ளி.
கண்ணாடித் துண்டு முழுக்கக் காற்புள்ளிகள்,
நடுவில் ஒரு சொல்கூட இல்லாமல்.

0417 அப்போது வந்தது.
லாரி ஓட்டுநர்; பெயர் சொல்ல மாட்டேன்.
சலைன் ஏறும் கையோடு கிடந்தார்.
என்ன சாப்பிட்டீர்கள்? ரொட்டி.
அப்புறம்? தேநீர். வீட்டில்தான்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாத மனைவி
அவரைப் பார்க்கவில்லை,
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரொட்டியில் வராது இது.
கேட்க வேண்டிய கேள்விகள் பதினெட்டு.
பன்னிரண்டோடு நிறுத்தினேன்.
மூலம்: தெரியவில்லை.

கருணை என்று அன்று நினைத்தேன்.
அந்தக் கடை இன்னும் இரண்டு நாள் திறந்திருந்தது.
0418 முதல் 0428 வரை, இதோ, இந்த அடுக்கு.
அதில் ஒன்று ஆறு வயதுப் பையன். பிழைத்துவிட்டான்.
பிழைத்துவிட்டான் என்பதை
எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன்.

இப்போது ரமீரோவின் இயந்திரம்
கிருமியின் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்து
மரம் வரைகிறது.
அந்தக் கோடை முழுதும் ஒரே கொம்பில்:
இங்கே நாலெழுத்து வித்தியாசம், அங்கே ஆறு.
0417க்கும் 0409க்கும் மட்டும்
ஓரெழுத்தும் இல்லை.

0409, காஸ்த்ரோ மருத்துவமனை, பள்ளி நூலகர்.
மஞ்சளேறிய படிவத்தில் அவள் பதில்கள்:
சாப்பிட்ட இடம், நினைவில்லை.
உடன் சாப்பிட்டவர், ஒருவருமில்லை.

ஒரே தட்டு போலிருக்கிறதே, டாக்டர்,
தொடர்பு என்ன என்று எழுத?
என்றான் ரமீரோ, திரையிலிருந்து திரும்பாமல்.
உறைபெட்டி திறந்து கிடப்பதாக அலாரம் கத்தியது.

என் பழைய படிவத்தை வாங்கி
தெரியவில்லை என்பதை ஒரே கோட்டால் அடித்தேன்.
மேலே எழுதினேன்:
வேகாத மட்டி. துறைமுகச் சந்தை என்று ஊகம்.
ஆய்வாளருக்கு அன்றே சந்தேகம் இருந்தது; கேட்கவில்லை.
கிரிசெல்டா ஓயார்சோ. இன்றைய தேதி.
அவர்கள் இருவரைப் பற்றி
எழுத ஒன்றுமில்லை.

ரமீரோ படித்தான். மறுபடி படித்தான்.
கதவைச் சாத்தி அலாரத்தை அணைத்தான்.
மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள், என்றான்.

ரொட்டி, என்றேன்.
தேநீர்.