ஈடு

பெகுவில் கேட் மூடினால்
என் எண்ணெய் காயத் தொடங்கும்.

மோல்மேன் வண்டிக்கு ஒரு ஈடு.
மாண்டலே எக்ஸ்பிரஸுக்கு ஒன்றரை.
சிமென்ட் கூட்ஸ் வந்தால் மூன்று,
மூன்றாவது கொஞ்சம் கருகும்,
லாரிக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும்.
கடிகாரம் எனக்கு எதற்கு?

வடை என்று விற்பேன்.
பயாஜோ என்று வாங்குவார்கள்.
கைமாறும்போது பெயர் மாறிவிடும்,
சூடு மாறாது.

மேம்பாலத்துக்கு அளக்க வந்தவள் மா சண்டா.
கன்னத்தில் சதுரமாய்த் தனகா,
முக்காலி மேல் ஒற்றைக்கண் இயந்திரம்.
ஒரு நாளில் கேட் எத்தனை நிமிடம் மூடிக் கிடக்கிறது?
ஸ்டேஷனில் கேட்டாளாம். அங்கே புத்தகத்தில்
எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்திருக்கிறது.
கேட்கீப்பர் ஊ சான் மியா
வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு
என் பக்கம் கைகாட்டினார்.

ஒரு ஈடு நாலு நிமிடம் என்றேன்.
போனில் நேரம் பிடித்துப் பார்த்தாள்.
நாலு நிமிடம், பத்து வினாடி.
பத்து வினாடி மாவின் ஈரம் என்றேன்.
சிரிக்கவில்லை,
எழுதிக்கொண்டாள்.

ஐந்து நாள்
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து
ஈடு ஈடாய்க் கோடு கிழித்தாள்.
அவள் வராத இரவு வண்டிகளுக்கு
என் வாய்தான் கணக்கு.
குறைத்துச் சொல்லியிருக்கலாம்.
கூட்ஸுக்கு மூன்று அல்ல இரண்டு என்றால்
பாலம் வேறு ஊருக்குப் போயிருக்கும்,
அடுப்பு இங்கேயே இருந்திருக்கும்.

போன ஆவணியில்
ஆஸ்பத்திரி வண்டி ஒன்று நின்றது,
கேட்டுக்கு இந்தப் பக்கம்.
அதன் சுழல் விளக்கு
என் மாவுச் சட்டியில் சிவப்பாய் விழுந்து விழுந்து போனது.
உள்ளே யார், தெரியாது.
டிரைவர் இறங்கி வந்தான்.
தண்டவாளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
எதுவும் வாங்கவில்லை.
அன்றைக்கு நாலு ஈடு போட்டேன்.
அத்தனையும் விற்றது.

மூன்றை மூன்று என்றே சொன்னேன்.

அறிக்கைக்குப் பெயர் வேண்டுமாம்.
வீட்டில் அஞ்சலாட்சி, அட்டையில் மா எய் மூ,
எது வேண்டும் என்றேன்.
தகவல் தந்தவர் என்ற சின்னக் கட்டத்தில்
இரண்டையும் நெருக்கி எழுதினாள்.

இப்போது என் அடுப்புக்குக் கீழே
சிவப்பில் ஏழு என்று எழுதிய முளை.
ஏழாம் தூண் அங்கேதான் இறங்குகிறது.
கடைக்கு லைசென்ஸ் இருந்தால் நஷ்ட ஈடு உண்டாம்.
தள்ளுவண்டிக்கு ஏது?
சட்டியில் போடுவதும் கையில் தராததும்
எங்கள் பாஷையில் ஒரே சொல் என்று
மா சண்டாவிடம் சொல்லிப் பார்த்தேன்.
பர்மாக்காரர் பேச்சில் அது வரவில்லை.
திரும்பச் சொல் என்றாள்,
விட்டுவிட்டேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் துளைக்கும் இயந்திரம்
மழை விட்ட நேரமெல்லாம் மண்ணைக் குடைகிறது.
மேலே போகப்போகிற லாரிகள்
இன்னும் கீழேதான் நிற்கின்றன.
மணி அடிக்கிறது. சான் மியா கம்பத்தை இறக்குகிறார்.
தூரத்து அதிர்வை வைத்தே சொல்வேன், கூட்ஸ்.

மாவு இருக்கிறது,
மூன்று ஈட்டுக்கு.