நாலாவது கப்பு

செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக்கடையில்
ஒரே வீல் கப்பை
இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பிடித்தன.
ஒன்று என் கை.
மற்றதன் நகக்கண்ணில் காப்பிக்கொட்டைக் கறை.

ஹெரால்டா, என்றேன்.
ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அறுபத்தெட்டு, என்றார்
பிடியை விடாமல்.
என் வண்டியிலும் ஒரு சக்கரம் மொட்டை,
அவர் வண்டியிலும்.

நானூறில் தொடங்கியது ஆயிரத்து நூறில் முட்டி நின்றபோது
சாதிக் பாய்க்கே கூச்சமாகிவிட்டது.
"ஜும்மாவுக்கு நேரமாச்சு.
நான் வர்றதுக்குள்ள அடிச்சுக்கிட்டாவது ஒரு முடிவுக்கு வாங்க"
என்று கப்பை உள்ளே வீசி
ஷட்டரை இழுத்தார்.

ஒரு மணி நேரம்.
முனைக்கடையில் ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட்.
பீட்ரூட் துருவல் சட்டையில் உதிர உதிர
அவர் பெயர் பிலோமின்ராஜ் என்றும்
ஏற்காட்டு எஸ்டேட்டில் மூட்டை எடை போடுகிறவர் என்றும் தெரிந்தது.
நான் எக்ஸ்ரே எடுப்பவன் என்றதும்
"அப்ப துருவுக்குள்ள மிச்சம் எவ்வளவு இரும்புன்னு
உங்களுக்குத் தெரிஞ்சுரும்" என்றார்.
அங்கேயே பாதி தோற்றேன்.

பையில் கிடந்த எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் எழுதினோம்:
ஆடி முதல் மார்கழி முடிய மலைக்கு.
தை முதல் ஆனி முடிய சேலத்துக்கு.
காசு பாதிப் பாதி.
சாட்சிக் கையெழுத்து சாதிக் பாய்,
தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

எட்டு வருடமாக
அந்த வட்டத் தகரம் இருபது கொண்டையூசி வளைவுகளில்
ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

தையில் நான் ஏறுவேன்.
பதினோராம் வளைவில் என் வண்டி கொதிக்கும், தவறாமல்.
முதல் வருடம் காணோமே என்று தேடி இறங்கி வந்தார்.
மறு வருடத்திலிருந்து
குடத்துத் தண்ணீரோடு அங்கேயே நின்றார்.
ஹெரால்டுக்கு முன்பக்கம் மொத்தமும் முதலை வாயாகத் திறக்கும்.
இந்த டயர்மேல் நான், அந்த டயர்மேல் அவர்,
நடுவில் எஞ்சின் ஆறும்வரை பேச்சு.
குரங்குகள் எங்கள் ஆரஞ்சைத் தின்று முடித்திருக்கும்.
மனைவியும் அவரும் பதினேழு மாதம் பேசாமல் இருந்ததை
ரேடியேட்டரைப் பார்த்தபடி அங்கேதான் சொன்னார்.
தேர்வில் தம்பி விடைத்தாளைப் பார்த்து நான் எழுதியதை
நானும் கார்புரேட்டரிடம்தான் சொன்னேன்.

ஆடியில் அவர் இறங்குவார், மிளகோடு.
கடைசி மல்கோவா ஒன்று
அவருக்காக அரிசியில் புதைந்து கிடக்கும்.

போன வருடம் அவர் இடது முட்டியை
நான்தான் படமெடுத்தேன்.
எலும்பின்மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது.
கிளட்ச் மிதிக்கிற கால்.
எடுக்கிறவன் படத்தைப் படித்துச் சொல்லக்கூடாது,
அது டாக்டர் வேலை.
உறையில் போட்டுக் கொடுத்தேன்.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

இந்த ஆடி ஒன்று, பஸ்ஸில் வந்தார்.
வண்டி?
"ஷெட்டுல நிக்குது."
ஆனிக் கடைசியில் ஓமலூர் ரோட்டில்
சிவப்பு ஹெரால்டு ஒன்று என்னைத் தாண்டிப் போனது.
ஓட்டியவனுக்கு மீசை சரியாக அரும்பவில்லை.
வலது பின்சக்கரம் மொட்டை.
சிவப்பு ஹெரால்டு எத்தனையோ இருக்கும்.

கழற்றி, துடைத்து, துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
விரலால் சுண்டி ஓசை பார்த்தார், எப்போதும்போல.
"தை ஒண்ணு. பதினோராம் வளைவு. மறந்துராதீங்க."
"பாத்திரமா? லக்கேஜ் போடணுமே" என்றார் கண்டக்டர்.
கார், என்று சொல்லிவிட்டு
அதை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

இன்னொரு கப்பு
திருச்செங்கோட்டில் கிடைத்து மூன்று வருடமாகிறது.
முந்நூற்றைம்பது, பேரம் பேசவில்லை.
எக்ஸ்ரே அறையில்
ஈய அங்கிகளுக்கு அடியில் இருக்கிறது.
எதுவும் ஊடுருவாத இடம்.

மார்கழி முடிய
என் வண்டி மூன்று கப்போடுதான் ஓடும்.