திறந்த தேதி

தை பிறந்தால் புதுவயலில்
வானத்துக்கும் உமி நிறம்.
ஆலைக்கு ஆலை தூசி ஊத,
எனக்குக் கண்ணோரம் அரிக்கத் தொடங்கும்.
முதலில் வலது. ஒரு மணி நேரம் கழித்து,
சொல்லி வைத்தாற்போல், இடது.

எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்,
வாசித்துச் சீட்டில் எழுத வேண்டும்.
போன வருஷம் கலங்கிய கண்ணோடு
எட்டை ஆறாக எழுதிவிட்டேன்.
இரண்டு டன் நெல்லை ஒரு சொட்டுக் கண்ணீர் தின்றது என்று
முதலாளி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்;
சம்பளத்தில் பிடிக்கும்போது சிரிக்கவில்லை.

காரைக்குடியில் டாக்டர் மெஹருன்னிசா
இரண்டு புட்டி எழுதினார்.
வெள்ளை மூடி, காலையும் மாலையும், பங்குனி வரைக்கும்.
இளஞ்சிவப்பு மூடி ஏழே நாள்.
"எட்டாம் நாள் அதை எட்டிக்கூடப் பார்க்காதீங்க.
சுகமா இருக்கேன்னு தொடர்ந்தா
கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும்.
அது வலிச்சுச் சொல்லாது."
பிறகு என் கையைப் பார்த்தார்.
நகக்கண்ணில் தவிட்டுத் தூள்.
"முதல்ல இதைக் கழுவுங்க."

இப்படித்தான் கற்றுக்கொண்டேன்
நாற்பத்தாறு வயதில்,
கண்ணாடி முன் எதற்கென்றே தெரியாமல் வாயையும் பிளந்தபடி:
கீழிமையை இழுத்தால் ஒரு சின்னக் குழி.
புட்டியின் மூக்கு இமைமயிரையும் தொடாமல்
அதில் ஒரு சொட்டு.
மூடிய கண்ணின் மூக்கோர முனையை
விரலால் அழுத்தி நூறு எண்ண வேண்டும்.
எண்ணாத முதல் நாள்
தொண்டையில் இறங்கிய கசப்புக்குக்
கேண்டீன் காபியைப் பழித்தேன்.
அடுத்த புட்டிக்கு முன்
ஒரு லாரி ஏறி இறங்கும் நேரம்.
இரண்டு சொட்டு விட்டால் இரட்டைக் குணம் என்றிருந்தேன்.
கண் ஏற்பது ஒன்றைத்தான்,
மிச்சமெல்லாம் கன்னத்துக்கு.
எங்கள் மேடையோ
பத்துக் கிலோவுக்குக் கீழ் எதையும்
எடை என்றே மதிப்பதில்லை.

எட்டாம் நாள் அரிப்பு திரும்பியது,
அசலைக் கொடுத்த பிறகும் வந்து நிற்கும்
வட்டிக்காரன்போல.
இளஞ்சிவப்பு மூடி இன்னொன்று கேட்டுப் போனேன்.
மருந்துக்கடையில் சிகப்பி:
"புதுச் சீட்டு இருக்கா?"
கண்ணின் சிவப்பைக் காட்டினேன்.
"எம்பேரே அதுதான். சீட்டைக் காட்டுங்க."
சீட்டில்லாமல் எந்த வண்டியையும்
நான் வெளியே விட்டதில்லை. என்ன பேச?
வெள்ளை மூடியும் குளிர்ந்த ஈரத்துணியுமாக
அந்த இரவைத் தள்ளினேன்.

மாசியில் சேவுகன் வந்தான், மூட்டை இறக்குபவன்.
ஒரு கண் மட்டும் மிளகாய்ப் பழம்.
"அண்ணே, உங்க மருந்துல ஒரு சொட்டு விடுங்க.
ஒரு சொட்டுல என்ன குறைஞ்சிரும்?"
மேசை இழுப்பறையில் இளஞ்சிவப்பு மூடி,
மிச்சத்தோடு.
எடுத்தும்விட்டேன்.
புட்டியின் வயிற்றில் என் கையெழுத்து:
திறந்த தேதி 23-1.
முப்பத்துமூன்று நாள் ஆகியிருந்தது.
இருபத்தெட்டுக்கு மேல் ஆகாது.
பழைய சரக்கு, வேறு ஆள் பெயர்.
இப்படி ஒரு சீட்டு வந்தால் வண்டியை நானே மறிப்பேன்.
உள்ளே வைத்துப் பூட்டினேன்.
"மருந்துக்குக்கூட இரக்கமில்லையாண்ணே" என்றான்.

பைக்கில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசவில்லை.
மெஹருன்னிசா விளக்கை இறக்கி வெகுநேரம் பார்த்தார்.
ஒவ்வாமை இல்லை.
கருவிழியை நெல் சுனை கீறியிருக்கிறது,
கீறலில் பூஞ்சை.
என் இழுப்பறையைப் பற்றிச் சொன்னேன்.
"அதை விட்டிருந்தா..." என்றார்.
முடிக்கவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

அவனுக்கு மணிக்கொரு சொட்டு, நடுச்சாமத்திலும்.
மனைவி அலாரம் வைத்து எழுப்புகிறாளாம்,
திட்டிக்கொண்டே கை கழுவுகிறாளாம்.

நேற்று எடைமேடை அறைக்கு வந்தான்.
நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு
சிவப்பு எண்களைப் பார்த்தான்.
"ஆறா, எட்டாண்ணே?"
நான் வாய் திறக்கவில்லை.
வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.
"எட்டு" என்றான்.
எழுதிக்கொண்டேன்.