சுவர் இருந்த காற்று

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள்.
இடித்துப் பார் என்று எவரும் சொல்லவில்லை.

உட்லண்ட்ஸில் பதினோராம் மாடி.
சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நின்ற சுவரை
மின்தூக்கி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டிவிட்டு
மூன்றே நாளில்
கோணியில் கட்டி இறக்கினார்கள்.
எழுபத்திரண்டு கோணி. நின்று எண்ணினேன்,
காசு கோணிக் கணக்கில்.

எழுபத்து மூன்றாவது கோணி
இறங்கவே இல்லை.

அது கதவிடுக்கில் இருந்தது. சாவித் துளையில் இருந்தது.
அரிசி டப்பா மூடியின் மரையில்,
பிரிக்காத மின்விசிறிப் பெட்டிக்குள்ளே கூட.
காலையில் துடைத்த மேசையில்
சாயங்காலம் மகள் விரலால் பூனை வரைந்தாள்.
மீசையோடு.

அடுத்த வீட்டு ரொஹானா
மூங்கில் கழியில் காய்ந்த பள்ளிச் சீருடைகளை
உதறிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி ஊறவைத்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

ஒப்பந்தக்காரர் கோ கைப்பேசியில் சிரித்தார்:
துடைத்தால் போய்விடும் லா.

ஓடு அறுக்க வந்த முத்துராக்குதான் சொன்னான்,
முகமூடி தாடையில் தொங்க:
"வெளக்குமாத்த எடுக்காதீங்கக்கா.
தூங்குற தூசியத் தட்டி எழுப்பி
மூக்குல உக்கார வச்சிரும்.
ஈரத்துணி. மேலேருந்து கீழ.
தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க."
முகமூடியை ஏற்றிக்கொள் என்றேன்.
"பேச முடியாதுக்கா" என்றான்.
பிறகு பேசாமல் இருமினான்.

எல்லாவற்றையும் மூடித்தான் வைத்தோம்.
படுக்கையறை வாசலுக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரை,
சன்னல் இடுக்குக்கு நீல டேப்,
கழிவுநீர்த் துளைக்குக் கூட ஒரு பழைய துண்டு.
ஏர்கானை மட்டும் மறந்தோம்.

குடிவந்த முதல் இரவு
இருபத்தைந்தில் வைத்து அழுத்தினான் தினகர்.
அது ஒருமுறை செருமியது.
பிறகு எங்கள் பழைய சுவரை
மெல்ல எங்கள் மேல் ஊதத் தொடங்கியது.

இரண்டு மணிக்கு மகளின் மூச்சில் விசில்.
நீல பம்ப். குழல். இருட்டில் ஆறு வரை எண்ணுவது.
மறுபடி ஆறு.

தினகர் காற்றளக்கும் கருவி வாங்கி வந்தான்,
சோப்புப் பெட்டி அளவு.
148. 131. 136.
கடைசி ஓவர் பார்ப்பவன் போல
அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

ஏர்கான் கழுவ வந்தவர்
அடியில் பை கட்டி, பிரித்து, பீய்ச்சினார்.
வாளியில் விழுந்த நீர்
அரிசி களைந்தது போல் வெளுத்திருந்தது.
மூன்று வாளி.
எண் நாற்பதுக்கு இறங்கியது.

புது அலமாரியின் பசை நெடி போகட்டும் என்று
சன்னல்களைத் திறந்தேன்.
கீழே புல்வெளியில் ஏழாம் மாதம்.
தகரப் பீப்பாயில் யாரோ தாள்பணம் எரித்துக்கொண்டிருந்தார்கள்.
பதினோரு மாடி ஏறி வந்தது ஒரு கரித் துணுக்கு,
ஓரத்தில் இன்னும் பொன் நிறம்.
மேசையில் இறங்கியது.
யாருடைய தகப்பனுக்கோ போகவேண்டிய காசு.

61, என்றான் தினகர். மூடு.
மூடினேன்.
துணியை நனைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன்.
பிறகு அதையும் துடைத்தேன்.
மன்னியுங்கள் ஐயா, முகவரி தவறு.

இன்று கருவியில் 12.
மகள் தூங்குகிறாள், வாய் திறந்து, சத்தமில்லாமல்.
ரொஹானாவின் கழியில் சீருடைகள் வெள்ளையாகவே ஆடுகின்றன.

எழுபத்து மூன்றாவது கோணியில் பாதி
எங்கள் வாளிகளில் போயிருக்கும்.
மீதியைத் தேடி
நாற்காலி போட்டு ஏறி, மேல்தட்டில் விரல் ஓட்டினேன்.
ஒன்றுமில்லை.

முத்துராக்குவுக்கு இந்த வாரம் தெம்பனிஸில் ஓடு.
இருமல் மருந்து எங்கே மலிவு என்று
செய்தி அனுப்பியிருந்தான்.