பதினோராம் பக்கம்

ஒரு தாளை மூன்று முறை மடித்தால்
பதினாறு பக்கம்.
முதுகில் இரண்டு பின்.
விலை பத்து ரூபாய்,
புதுவயல் பேருந்து நிறுத்தத்தில்
டீயை விட இரண்டு ரூபாய் குறைவு.

காரைக்குடி அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகை ஓடி முடிந்த இரவுகளில்
மிஞ்சிய தாளில் அடித்தோம்.
அதனால் முதல் கதை முழுக்க மஞ்சள்.
சில பிரதிகளின் பின்னட்டையில்
யார் வீட்டுப் பிள்ளையாரோ
பாதித் தும்பிக்கையோடு நிற்பார்.

தடித்த புத்தகத்தைக் கண்டதும்
கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறவர்களுக்கு
என்று தொடங்கியது.
பெரிய எழுத்து. குட்டை வரி.
பக்கத்துக்கு நாற்பது சொல்தான்.
விதி போட்டவன் நான், முதலில் மீறியவனும் நான்:
மழையை மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன்.
உமையாள் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடிட்டு
"மழை அதுபாட்டுக்குப் பெய்யட்டும்,
நீங்க நகருங்க" என்றாள்.

சாத்தையா பெட்டிக்கடையில்
ஷாம்புக்கும் ஊறுகாய்க்கும் நடுவே
கிளிப்பில் தொங்கவிட்டோம்.
"சரம் சரமா வருமா,
கிழிச்சுக் குடுக்கணுமா?" என்று கேட்டார்.
முதல் மாதம் விற்றது பதினொன்று.
அதில் நாலு, உமையாளின் தம்பி வாங்கியது.
தெரிந்தும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
அடைக்கலம் வந்தார்.
அரிசி மில்லில் மூட்டை ஏற்றுகிறவர்.
புருவமெல்லாம் தவிட்டுத் தூசி.
இடுப்பிலிருந்து சுருண்டு போன புத்தகத்தை உருவி
"இதை எழுதினது யாரு?" என்றார்.

காசைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று
கல்லாவிலிருந்து பத்து ரூபாயை
எடுத்தே விட்டேன்.

அவர் பதினோராம் பக்கத்தைப் பிரித்தார்.
விரலை வைத்தார்.
எழுத்து எழுத்தாக,
பலகையில் லாரி ஏறுகிறவன் மாதிரி
ஒவ்வொரு அடியாய் வைத்துப் படித்தார்:
மூ... மூட்டையை... தோ... தோளில்.
"தோளிலன்னு போட்டிருக்கீக.
தோள்ல வச்சா பலகையில ஏற முடியாது.
பிடரிக்குக் கீழ முதுகுல வைக்கணும்.
தலை குனியணும். கொக்கி எடது கையில."

காகிதக் கட்டுகளுக்கு நடுவே
குனிந்து காட்டினார்.
இல்லாத எழுபத்தைந்து கிலோ
அவர் முதுகில் வந்து உட்கார்ந்ததை
நானும் உமையாளும் பார்த்தோம்.

"நீங்க சொல்ற மாதிரி தூக்கினா
மூணாவது நடையிலயே இவன் விழுந்திருப்பான்.
பதினாலாம் பக்கத்துக்கு எப்படிப் போனான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மழையைப் பற்றி அவ்வளவு தெரிந்த எனக்கு
மூட்டை எங்கே உட்காரும் என்று தெரியவில்லை.
"முழுசும் படிச்சிட்டீங்களா?" என்று
அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"மில்லுல கரண்ட் போற நேரந்தான் நமக்கு நேரம்.
அந்த வாரம் நல்லாப் போச்சு.
கடைசிப் பக்கம் மட்டும் படிக்கல.
தப்பை வச்சுக்கிட்டு எப்படி முடிக்கிறது?"

இரண்டாம் பதிப்பில்
ஒரே ஒரு சொல் மாறியது.
தோளில் போய் முதுகில் வந்தது.
யாருக்கும் தெரியாது,
அறிவிக்கவும் இல்லை.

புதிய பிரதிக்கு அவர் பத்து ரூபாய் தந்தார்.
வேண்டாம் என்றதற்கு
நாணயத்தைப் பின் டப்பாவில் போட்டார்.
வாசலிலேயே நின்று
கடைசிப் பக்கத்தைப் படித்தார்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
மடித்து இடுப்பில் செருகினார்.

"பழசு எங்கே?" என்றேன்.

"அதுல நானே பேனாவால திருத்திட்டேன்.
ராக்கப்பன் வாங்கிக்கிட்டுப் போனான்.
அஞ்சாம் பக்கத்துல நிக்கிறான்.
இந்த வாரம்
கரண்டே போகல."