இடது கடைவாய்

டார்ட்டு நகரில் பிப்ரவரி.
உறைந்த ஆற்றின்மேல்
யாரோ நாயோடு நடந்துபோகிறார்.
மூன்றாம் மாடியில் என் திரையில்
யாருக்கும் பிறக்காத ஒருத்தி
கழுத்தோடு முடிந்து, மெல்லச் சுழல்கிறாள்.

அவள் பக்கத்தில் பதினேழு ஸ்லைடர்கள்.
வயது. தாடி. மூக்கின் நீளம். புன்னகை.
வயதை அறுபதுக்குத் தள்ளினேன்.
கன்னம் தொய்ந்தது, சரி.
கேட்காமலே ஒரு மூக்குக்கண்ணாடி
வந்து உட்கார்ந்தது.

"சிக்கு" என்றான் காரெல்,
வாயில் கறுப்பு ரொட்டியோடு.
நாங்கள் ஊட்டிய படங்களில்
வயதானவர்கள் பாதிப்பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள்.
சட்டியில் உள்ளதுதானே அகப்பையில் ஏறும்.

மூன்று வாரம் சிக்கெடுத்தேன்,
மயிர் மயிராக.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு திசைகள் உள்ள வெளியில்
முதுமை எந்தப் பக்கம், கண்ணாடி எந்தப் பக்கம் என்று.
இப்போது வெறுங்கண்ணோடு மூப்படைகிறாள்.
பார்வை மங்குகிறதா, தெரியவில்லை.
அதற்கு ஸ்லைடர் இல்லை.

ரீகாவிலிருந்து ஒரு வங்கி கேட்டது:
"நம்பகம்" என்று ஒன்று வேண்டும்.
செய்தோம். தள்ளினேன்.
தாடை ஒடுங்கியது, புருவம் தளர்ந்தது,
தோல் இரண்டு படி வெளுத்தது.
பிழைப்பட்டியலில் எழுதினேன், எண் எண்பத்தெட்டு.
ஹெல்வே படித்துவிட்டு
எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஒன்பது வயதில் ஒரு காலை
வாய் கொப்பளித்தபோது
தண்ணீர் இடப்பக்கம் வழிந்தது.
அன்றுமுதல் என் இடது கடைவாய்
என் சிரிப்புக்கு வருவதில்லை.
போட்டோக்காரர்கள் "இன்னொரு முறை" என்பார்கள்.
இன்னொரு முறையும் அதேதான்.

எல்லோரும் போனபின் அவளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்மண்டை இல்லை.
குழிந்த முகமூடியின் உள்புறம்,
அதுவும் என்னையே பார்த்தது.
முன்பக்கம் திருப்பி, புன்னகையைக் கடைசிவரை தள்ளினேன்.
இரண்டு கடைவாயும் தராசுத் தட்டுபோலச்
சமமாக ஏறின.
இடதை மட்டும் இழுத்தேன்: கோபமானாள்.
இன்னும் இழுத்தேன்: தூக்கம் சொருகியது.
இன்னும்: மீசை முளைத்தது.

எண்பதாயிரம் முகம் தின்றவளுக்கு
கோணல் சிரிப்பு ஒன்றுகூடவா கிடைக்கவில்லை?

கிடைத்திருக்கிறது.
"கழிவு" என்றொரு கோப்புறை,
உள்ளே முன்னூற்றுப் பதினொன்று.
மங்கல், கை மறைத்தது, பாதி வெட்டுப்பட்டது,
அவற்றோடு அவர்கள்:
மீன்கூடையோடு ஒருவர்,
மெழுகுவத்தி ஊதிக் களைத்த சிறுமி,
ஒற்றைக் கம்மல் போட்ட ஒரு பெண்,
வாய் எனக்கு நேர் எதிராய்,
வலது விழுந்தவள்.
கழித்தது யார் என்று பார்த்தேன்.
போன வருடத் தேதி. என் பெயர்.

அதில் நாற்பத்திரண்டைத் திரும்பச் சேர்த்து
இரவெல்லாம் ஓடவிட்டேன்.
விசிறிகள் இரைந்தன.
கோட்டைப் போர்த்திக்கொண்டு மேசையிலேயே தூங்கினேன்.

விடிந்ததும் தள்ளினேன்.
வலது ஏறியது.
இடது கொஞ்சம் யோசித்தது,
அப்படியே நின்றுவிட்டது.

கூடவே காதில் ஒரு கம்மல்,
யாரும் கேட்காமல்.
காரெல் வருவதற்குள்
எண் எண்பத்தொன்பது என்று எழுதத் தொடங்கி
எழுதாமல் விட்டேன்.